கூகுளில் நம்ம கடை வரவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கும் வழி

"அண்ணாச்சி, சைட் போட்டு மாசக்கணக்கா ஆச்சு, கூகுள்ல வரவே மாட்டேங்குது." திருநெல்வேலி டவுனில் அல்வாக் கடை வைத்திருப்பவரும் சரி, குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துபவரும் சரி, பத்தமடைப் பாய் வாங்கி வெளியூருக்கு அனுப்புபவரும் சரி, இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த 'வரமாட்டேங்குது'க்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன, ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு எடுபடாது, சில சமயம் இருப்பதையும் கெடுத்துவிடும். அதைப் பிரித்துப் பார்க்காமலேயே, "மாசம் இவ்வளவு குடுங்க, முதல் இடத்துக்குக் கொண்டு வாறேன்" என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. பார்க்க வேண்டியதில் பெரும்பகுதியை நீங்களே, ஒரு பைசா செலவில்லாமல் பார்த்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூகுளுக்குள் ஒரு பக்கம் மூன்று கட்டங்களைத் தாண்டுகிறது. முதலில் கூகுளின் ரோபோ வந்து பக்கத்தைப் படிக்க வேண்டும், அது கிரால். படித்ததைத் தன் கிடங்கில் சேர்க்க வேண்டும், அது இன்டெக்ஸ். அப்புறம்தான் யாராவது தேடும்போது எத்தனையாவதாகக் காட்டுவது என்ற வரிசை. கிராலே ஆகாத பக்கத்துக்கு வரிசையைப் பற்றிக் கவலைப்பட்டுப் பிரயோஜனம் இல்லை. எனவே கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பாருங்கள், அதற்கு நேராகப் போங்கள்.

தொடங்குமுன்: டொமைன், அதாவது சைட்டின் முகவரி, யார் பெயரில் இருக்கிறது?

இதைக் கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியவில்லை. சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே டொமைனைப் பதிந்து வைத்திருப்பார், அவர் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போயிருப்பார், போன் எடுக்கமாட்டார். டொமைன் கணக்கும், சைட்டை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கணக்கும் உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். இல்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதை மாற்றி வாங்குங்கள்.

கையோடு, உங்கள் தளத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் உங்கள் டொமைனைச் சேருங்கள். இலவசம். டொமைன் விற்ற நிறுவனத்தின் டிஎன்எஸ் (டொமைன் எங்கே போக வேண்டும் என்று குறிக்கும் அமைப்பு) பகுதியில் கூகுள் கொடுக்கும் ஒரு வரியை ஒட்டினால் உரிமை உறுதியாகிவிடும். இனி நான் சொல்வதில் பெரும்பாலானவை இந்தக் கன்சோலை வைத்துத்தான். பக்கத்து வீட்டுப் பையனின் போனில் தேடிப் பார்ப்பது சோதனை ஆகாது, கூகுள் அவன் நிற்கும் இடத்தையும் முன்பு தேடியதையும் பார்த்து முடிவுகளை மாற்றிக் காட்டும்.

அறிகுறி: கடைப் பெயரை அப்படியே அடித்தாலும் வரவில்லை

பெயரை அடித்தும் வரவில்லை என்றால் பெரும்பாலும் இது வரிசைப் பிரச்சினை அல்ல, பக்கம் இன்டெக்ஸிலேயே இல்லை. தேடல் பெட்டியில் 'சைட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, கோலன் போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை அடியுங்கள். ஒன்றுமே வரவில்லையா? கன்சோலில் மேலே இருக்கும் பெட்டியில் முகப்புப் பக்க முகவரியை ஒட்டிச் சோதியுங்கள், காரணத்தை அதுவே சொல்லும்.

சைட் கட்டப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செய்த சைட்டாக இருந்தால் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை இன்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று கேட்கும் சின்னப் பெட்டி ஒன்று அங்கே இருக்கும். சைட் கட்டும்போது டிக் செய்திருப்பார்கள், ஒப்படைக்கும்போது எடுக்க மறந்திருப்பார்கள். டிக்கை எடுத்துச் சேமித்தால் வேலை முடிந்தது. இந்த ஒரு டிக்குக்காக மாதக்கணக்கில் காத்திருந்த கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அது சரியாக இருந்தால், எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று கூகுளின் ரோபோவுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பைப் பாருங்கள். 'டிஸ்அலவ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒற்றைச் சாய்கோடு மட்டும் இருந்தால் முழுத் தளத்துக்கும் கதவை அடைத்துவிட்டதாக அர்த்தம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். ரோபாட்ஸ் கோப்பு கூகுளைப் படிக்கவிடாமல் தடுக்கும், ஆனால் இன்டெக்ஸில் சேர்ப்பதைத் தடுக்காது. பக்கத்தின் நிரலுக்குள் இருக்கும் நோஇன்டெக்ஸ் டேக்தான் சேர்ப்பதைத் தடுக்கும், அந்த டேக்கைப் பார்க்க வேண்டுமென்றால் கூகுள் பக்கத்தைப் படிக்க வேண்டும். ஆக, ஒரு பக்கத்தைக் கூகுளிலிருந்து எடுக்க நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டால் டேக் கூகுளின் கண்ணிலேயே படாது, பக்கம் விளக்கம் இல்லாமல் வெறும் முகவரியாகத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலுக்குள்ளேயே இலவசமாக ஒரு பக்க சைட் செய்து வைத்திருந்தவர்கள். அந்தச் சேவையை 2024 மார்ச்சில் கூகுள் நிறுத்திவிட்டது, ஜூன் வரை புரொஃபைலுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது, அதோடு சரி. பில் புத்தகத்திலும் விசிட்டிங் கார்டிலும் அந்தப் பழைய முகவரி இன்னும் அச்சாகிக்கொண்டிருந்தால் மாற்றிவிடுங்கள், சரிசெய்வதற்கு அங்கே இப்போது சைட்டே கிடையாது.

எல்லாம் சரி, சைட் இப்போதுதான் போட்டது என்றால் பொறுங்கள். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைக் கன்சோலில் கொடுங்கள், முக்கியமான பக்கங்களுக்கு இன்டெக்ஸ் கோரிக்கை வையுங்கள். சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும்.

அறிகுறி: சில பக்கங்கள் மட்டும் சேரமாட்டேன் என்கின்றன

கன்சோலில் பக்கங்களின் இன்டெக்ஸ் அறிக்கையைத் திறந்தால் இரண்டு காரணங்கள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, முகவரி தெரியும், இன்னும் கிரால் செய்யவில்லை என்பது. இன்னொன்று, கிரால் செய்தாயிற்று, இன்டெக்ஸில் சேர்க்கவில்லை என்பது. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு. முதலாவதில் கூகுள் உள்ளே வரவே இல்லை. சர்வர் திணறும் என்று நினைத்துத் தள்ளிப் போட்டிருக்கும், அல்லது அந்தப் பக்கத்துக்கு உங்கள் தளத்துக்குள்ளிருந்தே எந்த லிங்க்கும் போகாமல் அநாதையாகக் கிடக்கும். முகப்பிலிருந்தும் தொடர்புள்ள பக்கங்களிலிருந்தும் அதற்கு லிங்க் கொடுங்கள். இரண்டாவதில் கூகுள் வந்து, படித்து, 'இது வேண்டாம்' என்று போயிருக்கிறது. அங்கே மாற வேண்டியது உள்ளடக்கம்.

டாக்ஸி சைட்டுகளில் இதை அதிகம் பார்க்கலாம். திருநெல்வேலி டாக்ஸி, அம்பை டாக்ஸி, வள்ளியூர் டாக்ஸி, சங்கரன்கோவில் டாக்ஸி என்று ஊருக்கு ஒரு பக்கம், உள்ளே ஊர்ப் பெயரைத் தவிர ஒரு எழுத்து மாறாத அதே நாலு பத்தி. கூகுள் இதை வாசல் பக்கங்கள் என்று சொல்லி ஸ்பாம், அதாவது தேடலை ஏமாற்றும் வேலை, பற்றிய கொள்கையிலேயே வைத்திருக்கிறது. ஏஐ கருவியில் நூறு பக்கம் தள்ளினாலும் இதே கதைதான், 2024 மார்ச்சில் கொள்கையை இன்னும் இறுக்கினார்கள், யார் எழுதியது என்பதல்ல கேள்வி, தேடலை நிரப்புவதற்காகவே குவித்ததா என்பதுதான். ஊருக்கு ஒரு பக்கம் போடுவதே தப்பு என்று சொல்லவில்லை, அந்த ஊருக்கென்று சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? அம்பையிலிருந்து மாஞ்சோலைக்கு வண்டி ஓட்டுபவருக்கு மணிமுத்தாறு வனச் சோதனைச் சாவடி தெரியும், அனுமதி விவரம் தெரியும், மேலே ஏறும் சாலை எப்படி இருக்கும், எந்த வண்டி தாங்கும் என்று தெரியும். அதை எழுதினால் அது ஒரு பக்கம். அப்படிச் சொல்ல ஒன்றுமில்லாத ஊர்களை எல்லாம் ஒரே பக்கத்தில் கட்டண அட்டவணையாகப் போட்டுவிடுங்கள்.

அறிகுறி: ஆங்கிலத்தில் தேடினால் வருகிறது, தமிழில் தேடினால் இல்லை

இதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

உங்கள் பக்கத்தில் தெரியும் தமிழ் வரி ஒன்றைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறை, பிரச்சினை இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து அர்த்தமில்லாமல் வந்தால் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. அச்சகத்தில் நோட்டீஸுக்கு அடித்த மேட்டரை அப்படியே சைட்டில் ஏற்றினால் இதுதான் நடக்கும். கண்ணுக்கு அழகான தமிழ், கூகுளுக்கு வெறும் ஆங்கிலக் குப்பை. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடைத் தன் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் அச்சகங்களில் பழைய எழுத்துரு இன்னும் புழங்குகிறது. இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன, மாற்றி ஒட்டியபின் ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள், ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கும்.

காப்பியே செய்ய முடியவில்லை என்றால் அது படம். விலைப்பட்டியல், பொருளின் விவரம், கடை நேரம் எல்லாவற்றையும் ஒரு போஸ்டராக அடித்து முகப்பில் வைத்திருப்பார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கூகுள் ஒழுங்காகப் படித்துக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். போஸ்டர் இருக்கட்டும், அதே விவரத்தைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள்.

அடுத்தது, பார்க்க ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். நம் பக்கத்துக் கடைகளில் எத்தனை 'ஸ்ரீ' என்று தொடங்குகின்றன! அந்த 'ஸ்ரீ'யை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம், பல எழுத்துருக்களில் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். 'கௌரி' என்பதில் வரும் ஔகாரக் குறிக்குப் பதிலாக 'ள' எழுத்தையே அடித்துவிடுவதும் ரொம்ப சகஜம். கடைப் பெயரில் இப்படி எழுத்து இருந்தால் சைட், பிசினஸ் புரொஃபைல், முகநூல் எல்லா இடத்திலும் ஒரே விதமாக, சரியாக அடித்ததையே காப்பி செய்து போடுங்கள்.

வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் பக்கத்தின் முகவரியும் தமிழிலேயே உருவாகும். கூகுளுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 9 குறிகளாக விரியும், வேர்ட்பிரஸ் 200 குறிகளோடு வெட்டிவிடும். 'கு' என்பதே 'க'வும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு. கணக்குப் போட்டால் 22 குறியீடுகளுக்குத்தான் இடம். 'திருநெல்வேலியிலிருந்து' என்ற ஒற்றைச் சொல்லே சரியாக 22! ஆக, 'திருநெல்வேலியிலிருந்து குற்றாலம்' என்று ஒரு பக்கமும் 'திருநெல்வேலியிலிருந்து பாபநாசம்' என்று இன்னொரு பக்கமும் போட்டால், இரண்டின் முகவரியும் முதல் சொல்லோடு நின்றுவிடும், இரண்டாவதற்கு வாலில் 2 என்று ஒட்டிக்கொள்ளும். எது எந்த ஊருக்கு என்று முகவரியைப் பார்த்து யாருக்கும் புரியாது. வெளியிடுமுன் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே அடித்துவிடுங்கள், தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஆட்கள் உண்மையில் எப்படித் தேடுகிறார்கள் என்பது. சிலர் 'நெல்லை அல்வா' என்கிறார்கள், சிலர் 'திருநெல்வேலி அல்வா' என்கிறார்கள், பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், அதிலும் ஊர்ப் பெயருக்கே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல். 'பத்தமடைப் பாய்' என்று ஒற்றுப் போட்டு நாம் எழுதுவோம், தேடுபவர் ஒற்றில்லாமல் அடிப்பார். இதற்காக எல்லா வடிவத்தையும் பக்கத்தின் அடியில் வரிசையாக அடுக்கி வைக்காதீர்கள், அது ஸ்பாம். கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் ஆட்கள் அடித்த சொற்கள் அப்படியே இருக்கும். அதில் அதிகம் வருவதை டைட்டிலிலும் (தேடல் முடிவில் தெரியும் தலைப்பு) முதல் பத்தியிலும் இயல்பாக வைத்து எழுதுங்கள், மற்றவை கட்டுரைக்குள் தானாக வந்து விழும். வெளிநாட்டில் இருப்பவர்களும் வாங்குகிறார்கள் என்றால் ஆங்கிலத்துக்குத் தனிப் பக்கம் போட்டு, இதே பக்கம் இன்னொரு மொழியில் எங்கே என்று சொல்லும் ஹெச்ரெஃப்லாங் டேக்கால் இரண்டையும் ஒன்றையொன்று காட்டும்படி இணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் காட்டி மறு பக்கம் காட்டாவிட்டால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது.

அறிகுறி: தேடலில் காட்டுகிறது, யாரும் கிளிக் செய்வதில்லை

செயல்திறன் அறிக்கையில் இம்ப்ரெஷன், அதாவது தேடலில் காட்டிய எண்ணிக்கை, நிறைய, கிளிக் சொற்பம். முதலில் சராசரி இடத்தைப் பார்த்துப் பதறாதீர்கள், அது உங்கள் கடைப் பெயருக்கு 1-ஆம் இடத்தையும் எங்கோ ஒரு தேடலில் 80-ஆம் இடத்தையும் சேர்த்துப் பிசைந்த எண். ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு வந்த சொற்களை மட்டும் தனியாகப் பாருங்கள்.

அங்கேதான் உண்மை தெரியும். அல்வா விற்கும் கடையின் பக்கத்தில் சம்பா கோதுமை ஊறவைத்துப் பால் எடுப்பது பற்றி எழுதியிருப்பார்கள், இம்ப்ரெஷன் முழுக்க 'செய்வது எப்படி' என்று தேடியவர்களிடமிருந்து வந்திருக்கும். அவர்கள் வாங்க வந்தவர்கள் இல்லை. அந்தப் பக்கம் நன்றாகவே இருக்கட்டும், அதன் வேலை வேறு. வாங்க வருபவருக்கு விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்த ஊருக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும், நெய்யா எண்ணெயா என்று சொல்லும் தனிப் பக்கம் வேண்டும்.

சொல் சரியாக இருந்தும், 5-ஆம் இடத்துக்குள் இருந்தும் கிளிக் இல்லை என்றால் டைட்டிலைப் பாருங்கள். 'முகப்பு' என்றோ 'வரவேற்கிறோம்' என்றோ இருந்தால் யார் தொடுவார்கள்? என்ன பொருள், எந்த ஊர், யார் கடை, இந்த மூன்றும் டைட்டிலில் தெரிய வேண்டும். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே டைட்டில் வைத்தால் கூகுள் தானே வேறொன்றை எழுதிக்கொள்ளும். மெட்டா கீவேர்ட் என்று ஒரு பெட்டி இருக்குமே, அதை நிரப்பி நேரத்தை வீணாக்காதீர்கள், வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

அறிகுறி: நன்றாக வந்துகொண்டிருந்தது, திடீரென்று விழுந்துவிட்டது

குற்றாலத்து ஆட்கள் இதை ஆவணி முடிந்ததும் சொல்வார்கள். சாரல் நின்றது, ஆள் குறைந்தது, தேடலும் குறைந்தது. கன்சோலில் 16 மாத விவரம் இருக்கும், போன மாதத்தோடு ஒப்பிடாமல் போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். இம்ப்ரெஷன் மட்டும் விழுந்து இடம் மாறாமல் இருந்தால் அது சீசன், சைட்டில் கை வைக்காதீர்கள். கார்த்திகையில் சபரிமலைக்குப் போகிறவர்கள் அருவிக்கு வர ஆரம்பித்ததும் கோடு மறுபடி ஏறும். ஒரே முறை நடந்த நிகழ்ச்சிக்கு, 2018 அக்டோபரில் நடந்த தாமிரபரணி மகா புஷ்கரம் போன்றதற்கு, போட்ட பக்கம் விழுந்தது விழுந்ததுதான், அது மீண்டும் ஏறும் என்று காத்திருக்க வேண்டாம்.

இடமே விழுந்திருந்தால் இந்த வரிசையில் பாருங்கள். கன்சோலில் மேனுவல் ஆக்ஷன் (கூகுள் ஆட்களே பார்த்துப் போடும் தண்டனை), பாதுகாப்புச் சிக்கல் என்ற இரண்டு பகுதிகள் சுத்தமாக இருக்கின்றனவா? முன்பு சொன்ன 'சைட்' தேடலைப் போட்டால் நீங்கள் எழுதாத ஜப்பானிய மொழிப் பக்கங்கள் வரிசையாக வருகின்றனவா? வந்தால் உள்ளே யாரோ புகுந்துவிட்டார்கள். உங்கள் போனில் திறந்தால் ஒன்றும் தெரியாது, கூகுளுக்கு மட்டும் காட்டும்படி செய்திருப்பார்கள். திருட்டுத்தனமாகப் பகிரப்படும் தீமும் (தளத்தின் தோற்றம்) பிளகினும் (கூடுதல் வசதி) போட்ட தளங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சுத்தம் செய்து, எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றி, கன்சோலில் உங்களுக்குத் தெரியாத உரிமையாளர் யாராவது சேர்ந்திருக்கிறார்களா என்றும் பார்த்துவிட்டு, அப்புறம் மறுபரிசீலனை கேளுங்கள்.

அதுவும் இல்லை என்றால், அந்தத் தேதியை ஒட்டி சைட்டைப் புதுசாக்கினீர்களா? டிசைன் மாறும்போது பக்க முகவரிகளும் மாறிவிடும், பழைய முகவரிகள் 404, அதாவது பக்கம் இல்லை என்று காட்டும், அவை சம்பாதித்து வைத்திருந்த மதிப்பு எல்லாம் போய்விடும். ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போடுங்கள், எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது வேலைக்கு ஆகாது, அந்த ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடமாவது எடுக்காமல் வையுங்கள்.

கடைசியாகக் கூகுளின் கோர் அப்டேட், அதாவது வரிசைப்படுத்தும் முறையில் செய்யும் பெரிய மாற்றம். தேதிகளை அவர்களின் தேடல் நிலைப் பலகையிலேயே போடுகிறார்கள். 2024 மார்ச்சில் தொடங்கியது முடிய 45 நாள் ஆனது. நடுவில் நாளுக்கு நாள் ஏறி இறங்கும், அப்போது எதையும் மாற்றாதீர்கள். முடிந்து ஒரு வாரம் விட்டு, முன்னும் பின்னும் ஒப்பிட்டு, எந்தப் பக்கங்கள் விழுந்தன என்று பார்த்து, இப்போது உங்களுக்கு மேலே இருப்பவர் தேடுபவருக்கு எதைக் கூடுதலாகக் கொடுக்கிறார் என்று வாசித்துப் பாருங்கள்.

அறிகுறி: மேப்பில் பக்கத்துக் கடை வருகிறது, நாம் வரவில்லை

மேப் வரிசைக்கு மூன்று விஷயம்: தேடியதற்கும் உங்கள் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. பாளையங்கோட்டை மார்க்கெட்டில் நின்று தேடுபவருக்கு டவுன் ரதவீதிக் கடையைவிட ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் கடைதான் முன்னால் வரும், அது கோளாறு இல்லை. டவுனில் நின்று தேடியும் வரவில்லை என்றால்தான் கோளாறு.

முதன்மை வகையைப் பாருங்கள். அல்வா, மிக்சர் விற்கும் கடை 'உணவகம்' என்று பதிவாகியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். மேப்பில் கடையைக் குறிக்கும் பின்னை நேரில் போய் நின்று சரிபாருங்கள், சந்துக்குள் இருக்கும் கடைகளின் பின் அடுத்த தெருவில் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய இடத்தின் பெயரில் இன்னொரு புரொஃபைல் அநாதையாகக் கிடக்கிறதா என்றும் தேடுங்கள். தென்காசி, குற்றாலம், சங்கரன்கோவில் பக்கத்தவர்களுக்கு இன்னொன்று: 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது, ஆனால் பின்கோடு இன்னும் 627-இல்தான் தொடங்குகிறது, எனவே பழைய பதிவுகளில் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கும். சைட்டிலும் புரொஃபைலிலும் முகவரியை ஒன்றுபோல் திருத்துங்கள்.

கடைப் பெயரோடு 'பெஸ்ட் அல்வா நியர் நெல்லையப்பர் கோவில்' என்று சேர்க்கச் சொல்லி ஒருவர் யோசனை சொல்வார். செய்யாதீர்கள். போர்டில் என்ன பெயரோ அதுதான் புரொஃபைலிலும் இருக்க வேண்டும் என்பது விதி, மீறினால் புரொஃபைலையே நிறுத்தி வைத்துவிடுவார்கள், தேர்த் திருவிழா நேரத்தில் அப்படி ஆனால் நஷ்டம் யாருக்கு? பிரபலமான வேறொரு கடையின் பெயரை ஒட்டிக்கொள்வது அதைவிட மோசம், அது மற்றவர் உழைப்பு.

ரிவ்யூவுக்குப் பதிலாகக் கால் கிலோ அல்வா இலவசம் என்று எழுதி வைப்பதும் விதிமீறல்தான். கேட்கலாம், பொருள் கொடுத்து வாங்கக் கூடாது. திருப்தியானவர்களை மட்டும் பார்த்துக் கேட்பதும் கூடாது. வந்த ரிவ்யூவுக்கு, குறை சொன்னதற்கும் சேர்த்து, மரியாதையாகப் பதில் எழுதுங்கள்.

அறிகுறி: போனில் திறக்க நேரமாகிறது

கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் முகவரியை ஒட்டுங்கள். முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1-க்குள் இருக்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி, போனில் எடுத்து அப்படியே ஏற்றிய பெரிய புகைப்படம்தான். சின்னதாக்கி வெப்பி என்ற பட வடிவத்தில் ஏற்றுங்கள், முகப்பில் ஓடும் ஸ்லைடரை எடுத்துவிடுங்கள். இதற்கு மேல் நூற்றுக்கு நூறு மார்க் வாங்க மெனக்கெட வேண்டாம், வேகம் மட்டும் யாரையும் முதல் இடத்துக்குத் தூக்காது.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் இரண்டாம் பக்கம்தான்

இந்த இடத்தில்தான் ஆயிரம் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து வரும் லிங்க்) இவ்வளவு ரூபாய் என்று விற்க வருவார்கள். வாங்காதீர்கள். வரிசைக்காக லிங்க் வாங்குவது கூகுளின் விதிக்கு எதிரானது, கூகுள் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பணம் போச்சு, கண்டுகொண்டால் தளம் போச்சு. கூகுளில் விளம்பரம் கொடுத்தால் சாதாரண வரிசையும் ஏறும் என்பதும் உண்மையல்ல, இரண்டும் தனித்தனி. உண்மையான லிங்க் வேண்டுமென்றால் உங்களிடம் சரக்கு எடுக்கும் வெளியூர்க் கடைகள், உங்களைப் பற்றி எழுதிய பத்திரிகை, நீங்கள் உறுப்பினராக இருக்கும் வணிகர் சங்கம், இவர்களின் தளங்களில் உங்கள் பெயர் இருக்கிறதா, இருந்தால் லிங்க் இருக்கிறதா என்று பார்த்துக் கேளுங்கள்.

பெரிய ஷாப்பிங் தளங்களை வெறும் 'பாய்' என்ற சொல்லில் உங்களால் முந்த முடியாது, முந்தவும் தேவையில்லை. 'பத்தமடைக் கல்யாணப் பாய் பெயர் போட்டு' என்று தேடுபவர் ஒருவர் வந்தால் அவர் வாங்கத்தான் வருகிறார். கோரை எங்கே அறுத்தது, எப்படிக் காயவைத்து ஊறவைக்கிறார்கள், பாவு பருத்தியா பட்டா, மடித்தால் எவ்வளவு இடத்தில் அடங்கும், சாயம் கழுவினால் போகுமா, பெயர் போட எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கடைக்கு வருபவர்கள் கேட்பதை எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கேள்வி அவர்கள் வார்த்தையிலேயே இருக்கட்டும், பதில் நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து சொல்வதுபோல் இருக்கட்டும், படம் நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். பெரிய தளங்களால் இதை எழுத முடியாது, அவர்களுக்குத் தெரியாது.

எழுதிப் போட்டதும் கன்சோலில் அந்தப் பக்கத்துக்கு ஒருமுறை இன்டெக்ஸ் கோரிக்கை கொடுங்கள், தினமும் அமுக்குவதால் வேகம் கூடாது, அதற்கு அன்றாட வரம்பும் உண்டு. மாற்றிய தேதியையும் மாற்றியதையும் எங்காவது எழுதி வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தின் சொற்களைத் திறந்து பாருங்கள்.